சர்க்கரை போடாத இனிப்பு

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
2 செப்டம்பர் 2024

தம்பி ஜெபகுமாருக்கு அக்கா பிரவீனா எழுதுவது.

நீ போனை எடுப்பதில்லை. உன் மாமா ஜான்சன் போனிலிருந்து கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அதனால் நம் வீட்டுப் பிள்ளை சுகாசினி கல்யாணத்துக்கு முன் விட்டுப்போன பழைய காலேஜ் நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். நான் கடைசியாக எழுதிய கடிதம் ஒன்பதாம் வகுப்பில் எழுதிய லீவு லெட்டர். தப்பு இருந்தால் சிரிக்காதே.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சபையில் திருவிருந்துக்குத் திராட்சை ரசம் கொடுக்கும் முறை இந்த வருடம் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. அப்பா நாற்பது வருடம் கோயிலைப் பெருக்கினார், ஆனால் இந்தப் பொறுப்பை அவரிடம் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. இப்போது எனக்கு வந்திருக்கிறது. ஆனால் கமிட்டி தரும் பணத்துக்கு வருவது இருமல் மருந்தில் தண்ணீர் விட்ட மாதிரி ஒன்றுதான். பெண்கள் சங்கத் தலைவி சம்பூர்ணம் அக்கா எல்லார் முன்னாலும், "இன்னாமா பிரவீனா, உன்னால ஆவுமா? ஆவலன்னா இப்பவே சொல்லிடுமா, வேற வீட்டுக்குக் குடுத்துடலாம்" என்று கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது. ஆகும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிப் பிழைக்கிறவளுக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும்? நீ புதுச்சேரியில் அந்த ஒயின் கடையில்தான் இருக்கிறாய். குறைந்த விலையில் நல்லது எது என்று உனக்குத் தெரியாததா? ஒரு வருடத்துக்கு ஆகிற மாதிரி வாங்கி அனுப்பு. இது உன் கை தேடித் தந்தது என்று போதகர் சாமுவேல் ஐயாவிடம் நானே சொல்வேன். அதைச் சாக்கிட்டு உன்னை மறுபடி பீடத்துக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று எனக்கு ஒரு ஆசை.

அக்கா


புதுச்சேரி
11 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன். எழுதுவதே இரண்டு பேருக்கும் நல்லது.

"மறுபடி பீடத்துக்கு" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! இரண்டு வருடத்துக்கு முன் ஈஸ்டர் அன்று நாம் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தோம். சாமுவேல் ஐயா கிண்ணத்தை என் வாய் வரைக்கும் கொண்டுவந்தார். பிறகு பின்னால் இழுத்துக்கொண்டு, "சரக்கு விக்கிறவனுக்கு இதுல பங்கு இல்லப்பா, எழுந்து போ" என்றார். சபை முழுக்கக் கேட்டது. அடுத்து கிண்ணம் உன்னிடம் வந்தது. நீ வாங்கிக் குடித்தாய். நான் எழுந்து வெளியே வரும்போது நீ விழுங்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. அவர் செய்ததற்குக் கோபம்தான் வந்தது. நீ செய்ததற்கு அழுகை வந்தது. பஸ்ஸில் திண்டிவனம் வரை அழுதுகொண்டே வந்தேன்.

கிண்ணத்தில் பங்கில்லாதவனிடம் பாட்டில் மட்டும் எதற்கு? அனுப்ப மாட்டேன். அனுப்பினாலும் எல்லையில் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டு கேஸ் போடுவார்கள்.

கேட்டுவிட்டாய், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒயினில் பாதி விலை லேபிளுக்கும் கனமான பாட்டிலுக்கும்தான் போகிறது. கடையில் வாங்குவதானால் மேல்தட்டில் டியூப் லைட் வெளிச்சத்தில் நிற்பதைத் தொடாதே, அது வெந்து போயிருக்கும். கீழ்த்தட்டில் இருட்டில் படுத்திருப்பதைக் கேள். எது வேகமாக விற்கிறது என்று கடைப் பையனிடம் கேட்டால் உண்மையைச் சொல்வான். புளிப்பு ஒயின் திறந்த நான்காம் நாள் கெட்டுவிடும். உங்களுக்கு வாரக்கணக்கில் நிற்கிற இனிப்பு வகைதான் சரி.

அதற்கும் பணம் போதாது என்றால் நீயே போடு. ராஜாஜி மார்க்கெட்டில் கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால், உதிர்ந்த கறுப்புப் பன்னீர் திராட்சையைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். காம்பு கிள்ளி, நசுக்கி, சர்க்கரை போட்டு, வாயில் துணி கட்டி, இருபத்தொரு நாள். தினமும் மரக்கரண்டியால் கிளறு. பாத்திரம் பீங்கான் ஜாடியாகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

ஜெபா


பிள்ளையார்பாளையம்
3 டிசம்பர் 2024

ஜெபாவுக்கு,

உன் கடிதத்தை எடுத்தால் அந்த முழங்கால் போட்ட இடம் வந்ததும் மடித்து வைத்துவிடுவேன், அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. வேறு விஷயம் எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். இரண்டு ஜாடி இரவல் வாங்கி, இருபத்தொரு நாள் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். வடிகட்டி வாயில் வைத்தால் பல் கூசுகிற புளிப்பு. சர்க்கரையில் நான் கஞ்சத்தனம் செய்திருந்தேன், நீ திட்டாதே. முப்பது லிட்டர். சம்பூர்ணம் அக்காவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஜாடியைத் திருப்பிக் கேட்டார்கள், அதனால் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, இளஞ்சூடு காட்டி, மூடி வைத்து ஜெபம் பண்ணினேன்.

இரண்டு வாரம் கழித்துத் திறந்து ருசி பார்த்தால் இனிப்பு! ஒரு கரண்டி சர்க்கரைகூட நான் சேர்க்கவில்லை. புளிப்பு போன இடம் தெரியவில்லை. நவம்பர் முதல் ஞாயிற்றிலிருந்து சபையில் இதுதான். சம்பூர்ணம் அக்காவே வந்து, "இன்னாமா போட்ட, தேனாட்டம் கீது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். போதகர் ஐயா பிரசங்க மேடையிலேயே என் பேரைச் சொன்னார். அப்பா இருந்திருக்க வேண்டும்.

நம் தெரு லாரி டிரைவர் உதயகுமார் புதுச்சேரிப் பக்கம் வருகிறான். ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். குடித்துப் பார்த்து உன் வாயால் சொல்.

சுகாசினி தாம்பரத்தில் புருஷன் வீட்டிலிருந்து வந்து ஒரு மாதமாக இங்கேதான் இருக்கிறாள். "மாமா இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வருமா?" என்று கேட்கிறாள். நீ தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்காகவாவது வா.

அக்கா


புதுச்சேரி
9 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

உதயகுமார் பாட்டிலைக் கொடுத்தான். குடித்தேன். இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் எழுது. வேறு பாத்திரம் என்றாயே, அது என்ன பாத்திரம்? எங்கே கிடைத்தது? விவரமாக எழுது. சர்க்கரையின் இனிப்பு நாக்கில் கனமாக உட்காரும். இது அப்படி உட்காரவில்லை. விழுங்கியபின் வாயில் காசை வைத்துச் சப்பிய மாதிரி இருந்தது. நான் வீணாகக் குழப்பிக்கொள்கிறேனோ என்னவோ.

கிறிஸ்துமஸுக்குக் கடையில் லீவு கிடையாது. சுகாசினியிடம் சொல்.

ஜெபா


பிள்ளையார்பாளையம்
20 டிசம்பர் 2024

ஜெபாவுக்கு,

பெரிய கடையில் வேலை பார்க்கிறவன் குறை சொல்லாமல் இருப்பாயா! சரி, கேட்டதற்குப் பதில். பாத்திரம் நம் சபையின் பெரிய பித்தளை அண்டா, விருந்துக்குச் சோறு வடிப்பது. ஸ்டோர் ரூமில் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. பித்தளையில் புளிப்பை அப்படியே ஊற்றக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தார். சுத்த வெள்ளீயத்துக்கு அவர் கேட்ட விலையில் நான் இன்னொரு அண்டாவே வாங்கிவிடுவேன். பேசிப் பேசிப் பாதிக்குக் கொண்டுவந்தேன். பழைய பேட்டரியிலிருந்து உருக்கிய ஈயத்தைக் கலந்து பூசித் தந்தார். உள்ளே பார்த்தால் வெள்ளி மாதிரி மின்னுகிறது. குறைந்த செலவில் நல்ல ஒயின் போடுவது எப்படி என்று இனி நீ என்னிடம் கேட்டுக்கொள்.

ஆனால் மனசு சரியில்லை. போன ஞாயிறு பிரசங்கத்துக்கு நடுவில் சாமுவேல் ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரமாக இப்படித்தான் என்று அவர் வீட்டம்மா சொன்னார். முறுக்கிப் பிழிகிற மாதிரி வலியாம், சாப்பாடும் இறங்கவில்லையாம். ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே ஊற்றக்கூடாது, மீதியைப் போதகர்தானே குடித்து முடிக்க வேண்டும்? குறைந்துபோய்விடக் கூடாது என்று நான் கிண்ணத்தை எப்போதும் தளும்பத்தான் நிரப்புகிறேன். அந்த மீதி ஒன்றுதான் அவர் வயிற்றில் தங்குகிறதாம். பாவமாக இருந்தது. உடம்புக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று வீட்டுக்கும் இரண்டு பாட்டில் கொடுத்தேன்.

அவர்மேல் உனக்குள்ள கசப்பு தெரியும். இருந்தாலும் அவருக்காக ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள்.

அக்கா


பிள்ளையார்பாளையம்
20 ஜனவரி 2025

ஜெபாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜெபிக்கச் சொன்னதில் கோபமா? கிறிஸ்துமஸும் போனது, பொங்கலும் போனது.

இங்கே எதுவும் நன்றாக இல்லை. சாமுவேல் ஐயாவின் வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. விரலை மடக்குகிறார், ஆனால் கையைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நேற்று திருவிருந்தில் கிண்ணம் அவர் கையிலிருந்து நழுவி, வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அவர் குனிந்து இடது கையால் துடைத்துக்கொண்டே, "இன்னா பாவம் பண்ணேன்னு தெரியலயேமா" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ராத்திரி முழுக்க அந்தத் துணியைத்தான் துவைத்தேன், கறை போகவில்லை.

இனி மறைத்துவைக்க வேண்டாம், சந்தோஷமான செய்தி ஒன்று சொல்கிறேன். சுகாசினி முழுகாமல் இருக்கிறாள். கண்ணேறு அது இது என்று நாம் நம்பக்கூடாதுதான், ஆனாலும் ஐந்து மாதம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடிந்துவிட்டது. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். வாந்தி தாங்காமல்தான் நவம்பரில் இங்கே வந்தாள். இரத்தம் ஊறட்டும் என்று வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் அரை டம்ளர் நம் ரசம் கொடுக்கிறேன். அது மட்டும்தான் அவளுக்குக் குமட்டுவதில்லை.

ஆனாலும் வெளிறிக்கொண்டே போகிறாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிறாள். நேற்று பல் தேய்க்கும்போது பார்த்தேன், ஈறு ஓரமாக நீலமாக ஒரு கோடு. திராட்சைக் கறையாக இருக்கும் என்று உப்பு வைத்துத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தும் போகவில்லை.

வாடா தம்பி. உன்னைப் பார்த்தால் அவளுக்கு ஒரு தெம்பு வரும்.

அக்கா


புதுச்சேரி
23 ஜனவரி 2025

அக்கா,

மத்தியானம் உன் கடிதம் வந்தது. கடைவாசலில் நின்றபடி படித்துவிட்டு, அங்கேயே மாமாவுக்குப் போன் செய்தேன். ரசத்தைத் தொடாதீர்கள், சுகாசினியை இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள், சாமுவேல் ஐயாவையும் கூட்டிப் போங்கள் என்று சொன்னேன். இந்நேரம் சென்னையில் இருப்பீர்கள். மாமா பதறிப்போய் "இன்னாப்பா சொல்ற, இன்னாப்பா சொல்ற" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். உனக்கு எப்போது தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போனை வைத்துவிட்டிருப்பேன். அதை உனக்கு எழுதுகிறேன்.

பேட்டரி ஈயம் வெள்ளீயம் இல்லை, காரீயம், விஷம். புளித்த ஒயின் அதில் நின்றால் ஈயத்தைத் தின்று இனிப்பாக மாறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் முதலாளி சொல்லியிருக்கிறார், ஒரு காலத்தில் ஐரோப்பாவில் வியாபாரிகள் புளித்துப்போன சரக்கை இப்படித்தான் இனிப்பாக்கி விற்றார்களாம், ஊர் ஊராகக் கை கால் முடங்கிச் செத்தார்களாம். உன் பாட்டிலை ஒரு வாய் குடித்ததுமே எனக்கு அந்தக் கதை ஞாபகம் வந்தது. அதனால்தான் பாத்திரத்தைக் கேட்டேன். உன் பதில் டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி கையில் கிடைத்தது. அன்றைக்கே எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

தெரிந்தும் நான் எழுதவில்லை அக்கா.

சாமுவேல் ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்ற இடத்தை மூன்று தடவை படித்தேன். படிக்க நன்றாக இருந்தது. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். சபையார் ஆளுக்கு ஒரு வாய்தான் குடிக்கிறார்கள், அதில் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். நீயும் ஒரு வாய்தான் குடிப்பாய் என்று அதையும் சேர்த்தே போட்டேன். மீதி முழுக்க ஒரே ஒருவர் வயிற்றுக்குத்தான் போகிறது. என் வாயிலிருந்து பிடுங்கிய கிண்ணத்தை அவர் கடைசிச் சொட்டு வரை குடிக்கட்டும் என்று இருந்தது. ஒரு வாரம் இரண்டு வாரமானது. கிறிஸ்துமஸ் அன்று பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். பொங்கலன்றும் அப்படியே. உன் வீட்டில் இன்னொருத்தி தினமும் இரண்டு வேளை அதைக் குடித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்வதால் என்ன ஆகப்போகிறது?

நான் கிளம்பி வரலாமா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஜெபா


பிள்ளையார்பாளையம்
16 பிப்ரவரி 2025

ஜெபகுமாருக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று படித்தேன். உன் மாமாவிடம் காட்டவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது. சாமுவேல் ஐயாவுக்கு ஊசி போடுகிறார்கள். கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். சுகாசினிக்கு வலி குறைந்திருக்கிறது. குழந்தைக்கு நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது. மூளை எப்படி இருக்கும் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். பிறந்த உடனே தெரியாதுமா, நடக்கிற வயசில், பேசுகிற வயசில், பள்ளிக்கூடம் போகிற வயசில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்றார். சுகாசினி அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

உனக்கு நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஈயம் பூசுகிறவர் பாதி விலைக்கு ஒத்துக்கொள்ளும்போது, "சோறு வடிக்கத்தானேமா? புளிப்பு கிளிப்பு ஊத்திடாதம்மா, இது ஆவாது" என்று சொன்னார். நான் சோறுதான் என்றேன். ரசத்துக்கு என்று சொன்னால் சுத்த வெள்ளீயம்தான் பூசுவேன் என்று விலையை ஏற்றிவிடுவார் என்று பயம். தொழில் பண்ணுகிறவர்கள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைத்தேன்.

இன்று ஆராதனையில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். பேரம் பேசியது, பொய் சொன்னது, எல்லாம். சம்பூர்ணம் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவர்கூட ஏசவில்லை, ஏசியிருக்கலாம். அண்டாவைக் கமிட்டியார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி நம் வீட்டுக்கு அந்த முறை வராது, நம் பிள்ளைகள் காலத்திலும் வராது.

சாமுவேல் ஐயா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னிடம், "உன் தம்பிதான் என் உசுர காப்பாத்தினான். நான் அவன எழுப்பி அனுப்பினேன், அவன் எனக்கு நல்லது பண்ணியிருக்கான். வரச் சொல்லுமா, இந்தக் கையால இல்லன்னாலும் அந்தக் கையால நானே குடுக்கறேன்" என்று அழுதார். உனக்கு இது எப்போது தெரிய வந்தது என்று கேட்டார். என் கடிதம் கிடைத்த அன்றைக்குத்தான் என்று சொன்னேன். சுகாசினியும் அதையே கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன். "மாமா மட்டும் இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் செத்திருப்போம்மா" என்று சொல்லி வயிற்றைத் தடவிக்கொள்கிறாள். பையனாக இருந்தால் உன் பேரைத்தான் வைப்பாளாம்.

உனக்காக இரண்டு பேரிடம் பொய் சொல்லியாகிவிட்டது. என்னால் இனி முடியாது. அன்றைக்குப் பீடத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்ததால் உனக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் எப்போதும் உன் காலில் விழுவேன். ஆனால் இது அதற்குச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்போது வராதே. மே மாதம் நடுவில் நாள் குறித்திருக்கிறார்கள். பிறந்ததும் உதயகுமார் மூலம் சொல்லி அனுப்புகிறேன், அப்போது வா. பிள்ளையை உன் மடியில்தான் முதலில் வைப்பாள். வாங்குவதற்கு முன்னால், உனக்கு எந்தத் தேதியில் தெரியும் என்று அவளிடம் நீயே சொல்.

பிரவீனா